நுண்கால்வாய்களில் துகள்களை ஒருமுகப்படுத்தும் மின்தூண்டு சுழல்கள்: இயக்க நெறியும் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

திரவத்தில் சிதறிக் கிடக்கும் செல்கள், நுண்மணிகள் போன்ற துகள்களை ஒரு கோட்டில் கொண்டுவந்து சேர்ப்பது, அவற்றை எண்ணுவதற்கும் பிரிப்பதற்கும் முதற்படியாகும். நுண்கால்வாயின் தரையில் பதிக்கப்பட்ட உலோகப் பட்டையின் மீது மாறுதிசை மின்புலத்தைச் செலுத்தித் திரவத்தில் சுழல்களை உண்டாக்கி, அவற்றின் துணையால் துகள்களை ஒருமுகப்படுத்தும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. ‘சுழல் துகள்களைக் குவிக்கிறது’ என இம்முறையைச் சுருக்கிக் கூறுவது வழக்கம். அக்கூற்று முழுமையானதன்று. சுழல் துகளைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனை அவ்விடத்தில் நிறுத்துவது வேறொரு விசையே. இவ்வேறுபாட்டை எளிய எண் மதிப்பீடுகளின் வழி நிறுவி, அதிலிருந்து இம்முறையின் மின்னழுத்த வரம்பு, துகள் அளவு வரம்பு, உப்புச் செறிவு வரம்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: நுண்பாய்மவியல், மின்னிரட்டைப் படலம், தூண்டுமின்னூட்ட ஓட்டம், தேக்கக் கோடு, முனைவாக்க விசை, மின்வெப்ப ஓட்டம்.

1. முன்னுரை

ஒரு துளிக் குருதியில் குறிப்பிட்ட வகைச் செல்கள் எத்தனை உள்ளன என்பதை அறிய வேண்டுமாயின், அச்செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தைக் கடந்து செல்லுமாறு செய்தல் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர்களின் சிடி4 செல்களைக் கணக்கிடும் ஓட்டச் செல்லளவி இந்நெறியில்தான் இயங்குகிறது. செல்கள் கால்வாயின் அகலம் முழுவதும் பரவிச் சென்றால், சில செல்கள் லேசர் ஒளிக்கற்றையின் ஓரத்தைத் தொட்டுச் செல்லும், சில இரண்டிரண்டாகக் கடக்கும், எண்ணிக்கை பிழைபடும்.

இச்சிக்கலுக்கு 1953ஆம் ஆண்டில் கிராஸ்லண்ட்-டெய்லர் ஒரு தீர்வு கண்டார். துகள்கள் கலந்த திரவத்தைச் சுற்றிலும் தூய திரவத்தை விரைவாகச் செலுத்தி, நடுவிலுள்ள திரவத்தை மெல்லிய இழையாக நெருக்கினார். இதனை உறையோட்டம் என்பர். அதே ஆண்டில் வாலஸ் கூல்ட்டர், சிறு துளையின் வழியே செல்லும் துகள் ஏற்படுத்தும் மின்தடை மாற்றத்தைக் கொண்டு துகள்களை எண்ணும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இவ்விரு கண்டுபிடிப்புகளும் இன்றைய குருதி ஆய்வுக் கருவிகளின் அடித்தளங்கள் ஆகும்.

உறையோட்டத்திற்கு ஒரு விலை உண்டு. ஆராய வேண்டிய திரவம் சிறிதேயாயினும், அதனைச் சூழ்ந்தோடும் தூய திரவம் நிமிடத்திற்குப் பல மில்லிலிட்டர் தேவைப்படுகிறது. அதற்கான எக்கி, கலன், கழிவுத்தொட்டி ஆகியவையும் தேவை. உள்ளங்கையில் அடங்கும் சில்லு ஒன்றில் இவற்றையெல்லாம் பொருத்த இயலாது. ஆகவே உறைத் திரவம் இல்லாமலே துகள்களை ஒரு கோட்டில் சேர்க்கும் வழிகளை ஆய்வாளர்கள் தேடினர். ஒலியலை, திரவ நிலைமம், மின்புலம் எனப் பல வழிகள் முயலப்பட்டன. அவற்றுள் மின்புலத்தால் தூண்டப்படும் திரவச் சுழல்களைப் பயன்படுத்தும் வழியே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. நுண்கால்வாயில் பாய்மத்தின் இயல்பு

100 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கால்வாயில் நீர் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் ரெனால்டு எண் இங்கு ஏறத்தாழ 0.1 ஆகும். நீரின் நிலைமம் பொருட்படுத்தத் தக்கதன்று. பாகுநிலையே ஆட்சி செய்கிறது. ஓட்டம் எப்போதும் வரிச்சீராகவே இருக்கும். ஆற்றிலும் குழாயிலும் காணப்படும் ஒழுங்கற்ற கொந்தளிப்பு இங்குத் தோன்றுவதில்லை.

இதன் விளைவாக, ஓட்டக் கோடு ஒன்றில் செல்லும் துகள் தானாகப் பக்கத்துக் கோட்டிற்குத் தாவுவதில்லை. வெப்ப இயக்கத்தால் நிகழும் விரவல் ஒன்றே அதற்கு இயல்பாக உள்ள வழி. அதுவும் மிக மெதுவானது. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகளின் விரவல் எண் அறை வெப்பநிலையில் நொடிக்கு ஏறத்தாழ 0.44 சதுர மைக்ரோமீட்டர். அத்துகள் கால்வாயின் சுவரிலிருந்து நடுப்பகுதி வரையிலான 50 மைக்ரோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகும். மேலும் விரவல் துகள்களைப் பரப்புமேயன்றிக் குவிக்காது.

ஓட்ட வேகத்தை மிகுத்து நிலைம விசையை வெளிக்கொணர்வது ஒரு வழி. குழாயில் ஓடும் திரவத்திலுள்ள துகள்கள் ஆரத்தின் 0.6 பங்குத் தொலைவில் வளையமாகச் சேர்வதை 1961ஆம் ஆண்டில் செக்ரே, சில்பர்பெர்க் ஆகிய இருவரும் காட்டினர். நுண்கால்வாயில் இதனை நிகழ்த்தப் பெருவேகம் தேவை. மெதுவான ஓட்டத்திலும் பயன்படக்கூடிய வழி வேண்டுமாயின், திரவத்தைக் குறுக்குத் திசையில் இயக்கும் புறத்தூண்டல் ஒன்று வேண்டும். மின்புலம் அத்தகைய தூண்டல்.

3. மின்னிரட்டைப் படலமும் திரவ இயக்கமும்

மின்புலம் நடுநிலையான நீரை நேரடியாக இழுக்க இயலாது. இழுக்கப்படுவது மின்னூட்டம் கொண்ட அயனி மட்டுமே. திரவத்தின் உட்பகுதியில் நேர், எதிர் அயனிகள் சம அளவில் இருப்பதால் அவற்றின் மீதான விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. இச்சமநிலை குலையும் இடம் ஒன்று உண்டு. அது திண்மப் பரப்பை ஒட்டிய மெல்லிய படலம்.

நீரில் மூழ்கிய கண்ணாடி போன்ற பரப்பு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. அதனை ஈடுசெய்ய நேர் அயனிகள் பரப்பை ஒட்டிச் சேர்கின்றன. இவ்வமைப்பே மின்னிரட்டைப் படலம். இதன் தடிமன் உப்புச் செறிவைப் பொறுத்தது. ஒற்றை இணைதிறன் உப்பின் செறிவு 1 மில்லிமோலார் எனில் ஏறத்தாழ 10 நானோமீட்டர்; 100 மில்லிமோலார் எனில் ஏறத்தாழ 1 நானோமீட்டர். பரப்பிற்கு இணையாக மின்புலம் செலுத்தப்படும்போது இப்படலத்திலுள்ள மிகை அயனிகள் நகர்கின்றன; பாகுநிலையின் வாயிலாகத் தம்முடன் நீரையும் இழுத்துச் செல்கின்றன. இதனை மின்சவ்வூடு ஓட்டம் என்று வழங்குகிறோம். முதன்முதலில் நுண்துளைப் பொருளில் இது காணப்பட்டமையால் ‘சவ்வு’ என்னும் சொல் பெயரில் இடம்பெற்றது. நுண்கால்வாயில் சவ்வு ஏதும் இல்லை. பெயர் மட்டுமே நிலைத்துவிட்டது.

இந்நிகழ்வை 1809ஆம் ஆண்டில் மாஸ்கோவில் ரொய்ஸ் கண்டறிந்தார். 1879இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இரட்டைப் படலக் கருத்தைக் கொண்டு அதற்கு விளக்கமளித்தார். 1903இல் ஸ்மோலுகோவ்ஸ்கி ஓட்ட வேகத்திற்கான எளிய வாய்பாட்டைத் தந்தார். அதன்படி, திரவத்தின் விடுதிறன், பரப்பின் மின்னழுத்தம், மின்புலச் செறிவு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனைப் பாகுநிலையால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

இங்கு வேகம் மின்புலத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. புலத்தின் திசை மாறினால் ஓட்டத்தின் திசையும் மாறும். மாறுதிசை மின்னழுத்தத்தைச் செலுத்தினால் நீர் முன்னும் பின்னும் அசையுமேயன்றி ஒரு திசையில் செல்லாது. நேர்த்திசை மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினால் மின்முனைகளில் வேதிவினைகள் நிகழ்ந்து வளிமக் குமிழ்கள் தோன்றும். நுண்கால்வாயில் ஒரு குமிழே ஓட்டத்தை அடைத்துவிடப் போதுமானது. இவ்விரண்டு இடர்களையும் ஒருங்கே நீக்குவதுதான் தூண்டுமின்னூட்ட ஓட்டத்தின் சிறப்பு.

4. தூண்டப்பட்ட மின்னூட்டம் சுழலை உருவாக்கும் முறை

கண்ணாடித் தரையின் நடுவில், கால்வாயின் நீளவாக்கில், மெல்லிய தங்கப் பட்டை ஒன்று பதிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது எந்த மின்மூலத்துடனும் இணைக்கப்படவில்லை. எனவே அதனை மிதக்கும் மின்முனை என்பர். அதன் இருபுறமும் கால்வாயின் ஓரங்களில் இயக்கு மின்முனைகள் இரண்டு உள்ளன. இடப்புற மின்முனை நேர் மின்னழுத்தத்திலும் வலப்புற மின்முனை எதிர் மின்னழுத்தத்திலும் இருக்கும் கணத்தை எடுத்துக்கொள்வோம்.

மின்புலம் இடமிருந்து வலமாக அமைகிறது. உலோகப் பட்டை முனைவாக்கம் அடைகிறது. அதன் இடப்பாதியில் எதிர் மின்னூட்டமும் வலப்பாதியில் நேர் மின்னூட்டமும் தூண்டப்படுகின்றன. இவற்றை ஈடுசெய்யத் திரவத்திலிருந்து இடப்பாதியின் மேல் நேர் அயனிகளும் வலப்பாதியின் மேல் எதிர் அயனிகளும் வந்து சேர்கின்றன. அதே மின்புலம் இவ்வயனிகளை இழுக்கிறது. இடப்பாதியில் உள்ள நேர் அயனிகள் வலப்புறமாக, அதாவது பட்டையின் நடுவை நோக்கி நகர்கின்றன. வலப்பாதியில் உள்ள எதிர் அயனிகள் இடப்புறமாக, அதாவது அதே நடுவை நோக்கி நகர்கின்றன. இரு பக்கத்து நீரும் நடுக்கோட்டில் மோதி மேலெழுகிறது. கால்வாயின் கூரையை அடைந்து பிரிந்து, ஓரங்களில் இறங்கி, மீண்டும் பட்டையை அடைகிறது. இவ்வாறு எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சுழல்கள் தோன்றுகின்றன.

அரைச்சுற்றுக்குப் பின் மின்புலத்தின் திசை மாறுகிறது. அப்போது தூண்டப்பட்ட மின்னூட்டங்களின் குறியும் மாறுகிறது. விசை என்பது மின்னூட்டம், புலம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் ஆதலால், இரண்டும் ஒருங்கே குறி மாறும்போது விசையின் திசை மாறுவதில்லை. எனவே மாறுதிசை மின்னழுத்தத்திலும் சுழல்கள் ஒரே திசையில் சுழல்கின்றன. வேகமும் புலத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது.

உலோகத் துகள்களைச் சுற்றி இத்தகைய ஓட்டம் எழுவதைச் சோவியத் ஆய்வாளர்களான கமாயுனோவ், முர்த்சோவ்கின், துகின் ஆகியோர் 1986இல் ஆராய்ந்தனர். 1990களின் இறுதியில் செவில்லாவின் ராமோஸ், காஸ்தெல்லானோஸ் ஆகியோரும் கிளாஸ்கோவின் மோர்கன், கிரீன் ஆகியோரும் நுண்மின்முனைகளின் மீது மாறுதிசை மின்சவ்வூடு ஓட்டத்தைக் கண்டு விளக்கினர். 2004ஆம் ஆண்டில் ஸ்குவயர்ஸ், பஸான்ட் ஆகிய இருவரும் இந்நிகழ்வுகளை ஒரே கோட்பாட்டின்கீழ்க் கொணர்ந்து, தூண்டுமின்னூட்ட ஓட்டம் என்னும் பொதுப்பெயரை அளித்தனர்.

வேகத்தின் அளவை மதிப்பிடுவது எளிது. விடுதிறன், புலத்தின் இருபடி, உலோகத்தின் அளவு ஆகியவற்றின் பெருக்கற்பலனைப் பாகுநிலையால் வகுக்க வேண்டும். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உலோக உருளையைச் சுற்றிச் சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் புலம் நிலவினால், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் எனக் கிடைக்கிறது. சோதனைகளில் அளக்கப்படும் வேகம் பெரும்பாலும் இதனினும் மிகக் குறைவு. பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே செல்வதுண்டு. எளிய கோட்பாடு, படலத்தின் குறுக்கே அமையும் மின்னழுத்தம் 25 மில்லிவோல்ட் அளவிற்குள் இருப்பதாகக் கொள்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே அது 100 மில்லிவோல்ட்டை எட்டுகிறது. கோட்பாடும் சோதனையும் முரண்படுவதற்கு இது ஒரு காரணமாகும்.

அதிர்வெண்ணுக்கும் வரம்புண்டு. இரட்டைப் படலம் ஒரு மின்தேக்கியைப் போன்றது. அது நிரம்பச் சிறிது காலம் தேவை. படலத் தடிமனையும் பட்டையின் அளவையும் பெருக்கி அயனியின் விரவல் எண்ணால் வகுத்தால் அக்காலம் கிடைக்கும். 1 மில்லிமோலார் கரைசலில் 100 மைக்ரோமீட்டர் அளவிற்கு அது ஏறத்தாழ அரை மில்லிநொடி. இதற்கு ஒத்த அதிர்வெண் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ். இதனை மிக விஞ்சிய அதிர்வெண்ணில் அயனிகள் வந்து சேர்வதற்குள் புலம் திரும்பிவிடும், சுழல் தளர்ந்துவிடும். அதிர்வெண்ணை மிகக் குறைத்தால் இயக்கு மின்முனைகளில் மீண்டும் வேதிவினைகள் தலைதூக்கும்.

5. சுழல் மட்டும் துகளைக் குவிக்குமா?

மேற்கண்ட விளக்கத்தைப் படிக்கும்போது, நீர் பட்டையின் நடுவில் வந்து சேர்வதால் துகள்களும் அங்குச் சேரும் என்று தோன்றலாம். இம்முடிவு சரியன்று. நீர் நடுக்கோட்டில் வந்து சேர்கிறது. ஆனால் அங்கேயே தங்குவதில்லை, மேலெழுந்து செல்கிறது. நீர் அழுத்தத்தால் சுருங்காத பாய்மம் ஆகும். எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் அதனுள் நுழையும் நீரின் அளவும் வெளியேறும் நீரின் அளவும் சமம். துகள் நீரை இம்மியும் பிசகாமல் பின்தொடர்ந்தால், நுழையும் துகள்களின் எண்ணிக்கையும் வெளியேறும் துகள்களின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும். தொடக்கத்தில் சீராகப் பரவியிருந்த துகள்கள் எத்தனை முறை சுழன்றாலும் சீராகவே பரவியிருக்கும். ஆகவே, நீரை முற்றிலும் பின்தொடரும் துகளை எந்தச் சுழலாலும் குவிக்க இயலாது.

குவிதல் நிகழ வேண்டுமாயின், துகள் ஓரிடத்திலேனும் நீரின் பாதையிலிருந்து விலக வேண்டும். இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு, கலக்கப்பட்ட தேநீரில் தேயிலைத் துகள்கள் கோப்பையின் அடியில் நடுவே சேர்வதாகும். 1926ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், ஆறுகள் வளைந்து செல்வதை விளக்கும் கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். அடித்தளத்தை ஒட்டி நீர் நடுவை நோக்கி வருகிறது, பின்னர் மேலெழுகிறது. தேயிலையும் உடன் வருகிறது. ஆனால் எடை மிகுதியால் மேலெழ மாட்டாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அங்கே நீரைச் சுழற்றுவது கரண்டி. இங்கே அதனைச் செய்வது மின்புலம். துகளைத் தங்கவைப்பது இரண்டிலும் சுழல் அன்று.

எனவே மின்தூண்டு சுழல் முறையில் இரு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, தொலைவிலுள்ள துகளையும் அழைத்து வரும் ஓட்டம். மற்றொன்று, வந்த துகளை ஓட்டத்துடன் மீண்டும் செல்லாமல் தடுக்கும் விசை. முன்னது நெடுந்தொலைவு செல்லக்கூடியது. துகளின் அளவைப் பொருட்படுத்தாதது. பின்னது குறுந்தொலைவே செயல்படுவது. துகளின் அளவையும் தன்மையையும் பொறுத்தது. கருவியின் வெற்றி இவ்விரண்டின் இசைவில் உள்ளது.

6. தேக்கக் கோட்டில் துகள் நிலைத்தல்: ஒரு மதிப்பீடு

பட்டையின் நடுக்கோட்டில் கிடைத்திசை வேகம் சுழியாகிறது. இதனைத் தேக்கக் கோடு என்பர். ஹார்பின் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உலோகப் பட்டையின் மீதுள்ள தேக்கக் கோட்டில் துகள்கள் சேர்வதையும், சேரும் இடத்தை மாற்றியமைக்க இயலும் என்பதையும் காட்டினர். துகளை நிறுத்தும் விசை புவியீர்ப்பு எனக் கொண்டு, எந்நிலையில் அது போதுமானதாகும் என்பதை மதிப்பிடலாம்.

பட்டையின் ஓரத்தில் நீரின் வேகம் நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் என்றும், பட்டையின் பாதி அகலம் 100 மைக்ரோமீட்டர் என்றும் கொள்வோம். நடுவை நெருங்க நெருங்க வேகம் சீராகக் குறைந்து சுழியாவதாகக் கருதினால், வேகச் சரிவு நொடிக்கு 1 ஆகும். நீர் சுருங்காத தன்மையால், நடுக்கோட்டின் மேல் ஒவ்வொரு மைக்ரோமீட்டர் உயரத்திற்கும் மேனோக்கிய வேகம் நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வீதம் மிகும். 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் தரையைத் தொட்டிருக்கையில் அதன் மையம் 2.5 மைக்ரோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கு நீர் நொடிக்கு 2.5 மைக்ரோமீட்டர் வேகத்தில் மேலெழும். துகள் தங்க வேண்டுமாயின், அது நீரில் படியும் வேகம் இதனை விஞ்ச வேண்டும்.

ஸ்டோக்ஸ் விதிப்படி, 5 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணி நொடிக்கு ஏறத்தாழ 0.7 மைக்ரோமீட்டர் வேகத்தில் படியும். அது தங்காது, மேலெழும் நீருடன் சென்றுவிடும். நீரைப் போல் இருமடங்கு அடர்த்தியுள்ள அதே அளவுச் சிலிக்கா மணி நொடிக்கு ஏறத்தாழ 13.6 மைக்ரோமீட்டர் வேகத்தில் படியும். அது உறுதியாகத் தங்கும். சுவருக்கு அருகில் படியும் வேகம் குறையும் என்பதை இம்மதிப்பீடு கருதவில்லை. எனினும் அளவுநிலையைப் புலப்படுத்த இது போதுமானது.

இம்மதிப்பீட்டிலிருந்து கருவி அமைப்போருக்குப் பயன்படும் முடிவொன்று கிடைக்கிறது. மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் சுழலின் வேகம் நான்மடங்காகும். மேலெழும் வேகமும் நான்மடங்காகும். ஆனால் படியும் வேகம் மாறாது. ஆகவே மின்னழுத்தத்தை மிகுத்தால் துகள்கள் விரைந்து வந்து சேரும். ஒரு வரம்பைக் கடந்தபின் அவை தங்கமாட்டா. மேற்கண்ட வடிவமைப்பில் சிலிக்கா மணிக்கு ஏற்ற உச்ச ஓட்ட வேகம் நொடிக்கு ஏறத்தாழ 540 மைக்ரோமீட்டர்; பாலிஸ்டைரீன் மணிக்கு ஏறத்தாழ 27 மைக்ரோமீட்டர். வேகங்களின் விகிதம் 20. எனவே மின்னழுத்தங்களின் விகிதம் ஏறத்தாழ 4.5. ஒரு துகளுக்குப் பொருந்திய மின்னழுத்தம் மற்றொன்றைக் கலைத்துவிடக்கூடும். இதனையே அடர்த்தி வேறுபட்ட துகள்களைப் பிரிக்கும் வழியாகவும் கொள்ளலாம்: ஒன்று தங்கும், மற்றொன்று சுழன்றுகொண்டே இருக்கும்.

துகளின் அளவு குறையுமிடத்துப் புவியீர்ப்பு விரைவில் வலுவிழக்கிறது. 1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணி படியும் வேகம் நொடிக்கு 0.03 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. வெப்ப இயக்கம் அதனை எவ்வளவு உயரம் தூக்கவல்லது எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர் எனக் கிடைக்கிறது. 5 மைக்ரோமீட்டர் மணிக்கு இவ்வுயரம் 0.13 மைக்ரோமீட்டரே. பாக்டீரியா அளவும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைப் புவியீர்ப்பைக் கொண்டு நிறுத்த முடியாது என்பது இதனால் தெளிவாகிறது.

7. நிறுத்தும் பிற விசைகள்

சிறு துகள்களை நிறுத்த மின்புலத்தையே இரண்டாம் முறை பயன்படுத்தலாம். சீரற்ற மின்புலத்தில் முனைவாக்கம் அடைந்த துகள் புலம் மிகுந்த இடத்தை நோக்கியோ குறைந்த இடத்தை நோக்கியோ நகர்கிறது. ஹெர்பர்ட் போல் 1951ஆம் ஆண்டில் இதற்கு டைஎலக்ட்ரோபோரசிஸ் எனப் பெயரிட்டார். இங்கு இதனை முனைவாக்க விசை எனக் குறிப்போம். துகள் சூழ்திரவத்தைக் காட்டிலும் மிகுதியாக முனைவாக்கம் அடைந்தால் மின்முனையின் விளிம்பை நோக்கி ஈர்க்கப்படும். குறைவாக அடைந்தால் விலக்கப்படும்.

இவ்விசை ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. திரவத்தின் எதிர்ப்போ ஆரத்திற்கு மட்டுமே நேர்விகிதத்தில் உள்ளது. எனவே துகளின் வேகம் ஆரத்தின் இருபடியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் வேகம் கால்பங்காகும். மேலும் மின்முனை விளிம்பிலிருந்து விலகிச் செல்லுந்தோறும் இவ்விசை மிக விரைவாகத் தேய்கிறது. தனித்து இயங்கும் முனைவாக்க விசை, விளிம்பிற்கு அண்மையிலுள்ள துகள்களை மட்டுமே பிடிக்கும். கால்வாயின் நடு உயரத்தில் செல்பவை தப்பிவிடும். சுழல் இக்குறையை நிறைவு செய்கிறது. அது தொலைவிலுள்ள துகள்களையும் விளிம்பிற்கு அருகில் கொணர்கிறது. விளிம்பில் முனைவாக்க விசை அவற்றைப் பற்றிக்கொள்கிறது. தனித்தனியே குறைவுடைய இரு விசைகள் சேர்ந்து நிறைவுடையதொரு முறையாகின்றன.

பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ், குமார், வெரெலி ஆகியோர் 2008ஆம் ஆண்டில் காட்டிய முறையும் இதே நெறியில் அமைந்தது. மின்முனையின் ஒரு புள்ளியை லேசர் ஒளியால் சூடாக்கி, அங்கு வளைய வடிவச் சுழலை உண்டாக்கினர். சுழல் துகள்களை அப்புள்ளிக்குக் கொணர்ந்தது. மின்முனைக்கு அண்மையில் செயல்படும் மின்விசைகள் அவற்றை நிறுத்தின. லேசர் புள்ளி நகர்ந்தபோது துகள் கூட்டமும் உடன் நகர்ந்தது. மின்புலத்தின் அதிர்வெண்ணை உயர்த்தியபோது நிறுத்தும் விசை தளர்ந்து துகள்கள் கலைந்தன. கொண்டுவருவதும் நிறுத்துவதும் வெவ்வேறு விசைகள் என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

8. உப்புச் செறிவும் வெப்பமும்

நோயறிதலில் இம்முறையைப் பயன்படுத்த விழையும்போது எதிர்ப்படும் பெருந்தடை உப்பு. சோதனைகளில் தூண்டுமின்னூட்ட ஓட்டம் உப்புச் செறிவு மிகுந்தோறும் தளர்கிறது; ஏறத்தாழ 10 மில்லிமோலாருக்கு மேல் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. குருதிநீரின் உப்புச் செறிவு ஏறத்தாழ 150 மில்லிமோலார். குருதியை நீரால் நேர்த்தால் செல்கள் ஊடுபரவலால் வீங்கி வெடிக்கும். சர்க்கரை கலந்த குறைகடத்துத் திரவத்திற்குச் செல்களை மாற்றுவது வழக்கமான தீர்வு. ஆனால் அதற்கெனத் தனியே ஒரு தயாரிப்புப் படி தேவைப்படுகிறது. உறைத் திரவத்தைத் தவிர்த்துப் பெற்ற எளிமையின் ஒரு பகுதி இங்கு இழக்கப்படுகிறது.

உப்பு மிகுந்த திரவத்தில் வேறுவகைச் சுழல் பயன்படும். மின்னோட்டம் திரவத்தைச் சூடாக்குகிறது. சூடு சீராக இல்லாதபோது நீரின் கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடு மிகுந்தும், விடுதிறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைந்தும் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டால் திரவத்தின் உட்பகுதியிலேயே மின்னூட்டம் தோன்றி, மின்புலம் அதனை இழுக்கிறது. இது மின்வெப்ப ஓட்டம் எனப்படும். சூடும் புலத்தின் இருபடியைப் பொறுத்தது, இழுவிசையும் அவ்வாறே. ஆதலால் வேகம் மின்னழுத்தத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது.

இங்கு இடர் வெப்பமே. மின்னழுத்தத்தின் இருபடியையும் கடத்துதிறனையும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனின் எண்மடங்கால் வகுத்தால் வெப்பநிலை உயர்வின் தோராய மதிப்பு கிடைக்கும். 10 வோல்ட் மின்னழுத்தத்தில், மீட்டருக்கு 0.01 சீமென்ஸ் கடத்துதிறனுள்ள திரவத்தில் உயர்வு 0.2 டிகிரியே. மீட்டருக்கு 1.6 சீமென்ஸ் கடத்துதிறனுள்ள உடலியல் உப்புக் கரைசலில் அது ஏறத்தாழ 33 டிகிரி ஆகிவிடும். உயிருள்ள செல் அதனைத் தாங்காது. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்தால் உயர்வு ஏறத்தாழ 8 டிகிரியாகக் குறையும். ஆனால் சுழலின் வேகம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். செல்லைக் காக்கும் முயற்சியும் விரைந்து குவிக்கும் முயற்சியும் இங்கு நேர்முரணாக நிற்கின்றன.

9. கையாளக்கூடிய திரவத்தின் அளவு

துகள் ஒருமுகப்பட, அது கால்வாயில் இருக்கும் காலத்திற்குள் சுழல் அதனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுழலின் சுற்றளவு 300 மைக்ரோமீட்டர் என்றும் சுழல் வேகம் நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் என்றும் கொண்டால், ஒரு சுற்றுக்கு 3 நொடி ஆகும். திரவம் கால்வாயில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை தேவை. சில சுற்றுகளுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை போதும். சில்லின் அளவிற்கு இது பொருந்துகிறது.

ஆனால் 200 மைக்ரோமீட்டர் அகலமும் 50 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள கால்வாயில் இவ்வேகத்தில் செல்லும் திரவம் நிமிடத்திற்கு 0.6 மைக்ரோலிட்டர் மட்டுமே. 1 மில்லிலிட்டரை இவ்வாறு செலுத்த ஒரு நாளுக்கும் மேலாகும். விரல் நுனியிலிருந்து எடுக்கப்படும் சில மைக்ரோலிட்டர்க் குருதிக்கு இது ஏற்கத்தக்கது. பெருமளவு நீரில் அரிதாகக் காணப்படும் நுண்ணுயிரைத் தேடும் பணிக்கு இது பொருந்தாது. கால்வாய்களை இணையாகப் பெருக்கியோ வேறு முறையை நாடியோதான் அதனைச் செய்ய இயலும்.

10. முடிவுரை

மின்தூண்டு சுழல்களால் துகள்களை ஒருமுகப்படுத்தும் முறையில் சுழல், துகள், திரவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கருத வேண்டும். தூண்டப்பட்ட மின்னூட்டமும் தூண்டிய மின்புலமும் ஒருங்கே குறி மாறுவதால் மாறுதிசை மின்னழுத்தத்திலும் ஒரே திசையில் சுழலும் ஓட்டம் கிடைக்கிறது. அவ்வோட்டம் துகள்களைத் தேக்கக் கோட்டிற்குக் கொணர்கிறது. ஆனால் சுருங்காத பாய்மத்தின் இயல்பால் அது தானே துகளைக் குவிக்க இயலாது. எடை, முனைவாக்க விசை, மின்முனையை ஒட்டிய பிற விசைகள் ஆகியவற்றுள் ஒன்று நிறுத்தினாலன்றிக் குவிதல் நிகழாது.

இவ்வேறுபாடு கருவி அமைப்பில் நேரடி விளைவுகளை உடையது. துகள்கள் சேரவில்லையெனில் மின்னழுத்தத்தை உயர்த்துவதே முதலில் தோன்றும் தீர்வு. துகள்கள் வந்து சேராமல் இருந்தால் அது பயன்தரும். வந்து சேர்ந்தும் தங்காமல் இருந்தால் அதுவே கேடாகும். எனவே நுண்ணோக்கியில் முதலில் காண வேண்டியது, துகள் தேக்கக் கோட்டை அடைகிறதா, அடைந்தபின் மேலெழுகிறதா என்பதே. அடையவில்லையெனில் ஓட்டத்தைச் சீர்செய்ய வேண்டும். அதிர்வெண், உப்புச் செறிவு, பட்டையின் நீளம் ஆகியவற்றை ஆராய வேண்டும். மேலெழுகிறதெனில் நிறுத்தும் விசையை வலுப்படுத்த வேண்டும். அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

உப்பு மிகுந்த உடல் திரவங்களில், செல்களுக்குக் கேடில்லாத வெப்பநிலையில், போதிய வேகத்துடன் இம்முறையை இயக்குவது இன்னும் தீர்க்கப்படாத சிக்கலாகவே உள்ளது. உறைத் திரவமற்ற எளிய செல்லளவி சிறு மருத்துவ நிலையங்களையும் எட்டுவது இச்சிக்கலின் தீர்வைப் பொறுத்தது.